கால்பந்துத் திடலில் குடியும் கல்லெறியும்: ஒரு பழைய நடுவரின் பதில்

கேள்வி: எங்கள் ஊர் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் கடலோரம் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்டுதோறும் எழுவர் கால்பந்துத் தொடர் நடத்துகிறோம். சென்ற ஆண்டு இறுதி ஆட்டத்தில் குடித்துவிட்டு வந்த சிலர் தகராறு செய்தார்கள். அது கல்லெறியாகி மூன்று பேருக்கு மண்டை உடைந்தது. கோப்பை கொடுக்காமலே கூட்டம் கலைந்தது. இந்த ஆண்டு ஆட்டமே வேண்டாம் என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். குடிதான் இதற்கெல்லாம் காரணமா? வெளிநாடுகளில் இதை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள்? நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்:

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தவுடன் எனக்கு ஒரு ஜெனரேட்டர் நினைவுக்கு வந்தது. உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலத்தில், மண்டபம் பக்கத்து ஊர் ஒன்றில் மின்னொளி ஆட்டத்துக்கு நடுவராகப் போயிருந்தேன். ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய அரையிறுதி, சிறப்பு விருந்தினர் வரவில்லை என்று ஒன்பது மணிக்குத் தொடங்கியது. முழு நேரமும் முடிந்து ஒன்றுக்கு ஒன்று. பெனால்டி அடிக்கப் பந்தை வைத்துவிட்டு ஒருவன் பின்னால் நகர்கிறான், விளக்குகள் அணைந்தன. டீசல் தீர்ந்துவிட்டது. அந்த ஏழெட்டு நிமிட இருட்டில் என்னென்ன நடந்தது என்று எனக்கு முழுதாகத் தெரியாது. வெளிச்சம் திரும்பியபோது கோல் காப்பாளரின் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. கயிறு கட்டியிருந்த சவுக்குக் கம்புகளில் பாதி, நட்ட இடத்தில் இல்லை. ஆட்களின் கைகளில் இருந்தன.

மறுநாள் ஊர் முழுக்க ஒரே பேச்சு: குடிகாரப் பயல்கள் கெடுத்துவிட்டார்கள். குடித்தவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கல்லை எறிந்தவன், இரண்டு நாள் கழித்து அழுதுகொண்டே என் வீட்டு வாசலில் வந்து நின்ற ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். சாராய வாடையே அறியாத பையன். டீசல் வாங்க மறந்தவரைப் பற்றி ஊரில் யாரும் பேசவில்லை. இரண்டு மணி நேரம் கூட்டத்தைக் காக்க வைத்தவர்களைப் பற்றியும் பேசவில்லை. அதற்குத் தலையாட்டிய நடுவரைப் பற்றியும்தான்.

ஆகவே என் பதில் இது. குடி ஒரு காரணம்தான். ஆனால் நடத்துகிறவர்கள் தங்கள் தவறுகளையெல்லாம் கொண்டுபோய்ப் போட்டு மூடுவதற்கு அதைவிட வசதியான குழி வேறு இல்லை.

குடித்தவனுக்குக் கண் முன்னால் இருப்பது மட்டும்தான் பெரிதாகத் தெரியும். எதிரே நிற்பவனின் நக்கல் சிரிப்பு தெரியும். நாளைக்குக் காவல் நிலையத்தில் நிற்க வேண்டிவரும் என்பது தெரியாது. வலி குறைவாகவும் அவமானம் கூடுதலாகவும் உறைக்கும். இதுவே போதுமான ஆபத்து. ஆனால் பகையைப் பாட்டில் உற்பத்தி செய்வதில்லை. அதே ஆள், அதே அளவு குடித்துவிட்டு, மச்சான் கல்யாணத்தில் ஆடிப் பாடிவிட்டுப் பந்தலிலேயே தூங்கியிருப்பார்.

வெளிநாட்டுச் சட்டங்களைக் கேட்டீர்கள். இங்கிலாந்தில் 1985இல் ஒரு சட்டம் வந்தது. பெரிய கால்பந்துப் போட்டிகளில், ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் பார்வையாளர் மது அருந்தக் கூடாது. போட்டிக்குப் போகும் வாடகைப் பேருந்தில் மது கொண்டுபோவது குற்றம். போதையில் அரங்குக்குள் நுழைவதே குற்றம். அதே நாட்டில் ரக்பி பார்க்கப் போகிறவர் கையில் பீருடன் இருக்கையில் சாய்ந்து ஆட்டம் பார்க்கலாம். ஜெர்மனியில் கால்பந்து அரங்குகளிலேயே பீர் விற்கிறார்கள். கத்தாரில் 2022 உலகக் கோப்பை தொடங்க இரண்டே நாள் இருக்கும்போது அரங்கங்களைச் சுற்றிப் பீர் விற்பதற்குத் தடை போட்டார்கள். போட்டி அமைதியாக நடந்தது. அதைக் காட்டி மதுவிலக்கின் வெற்றி என்று சொல்கிறவர்கள் உண்டு. விமானத்துக்கும் தங்குமிடத்துக்கும் லட்சக்கணக்கில் செலவழித்து அங்கே போனவர், பக்கத்து ஊர்க்காரனின் மண்டையை உடைக்கப் போனவர் அல்லர் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஸ்காட்லாந்து. 1977 ஜூனில் லண்டன் வெம்பிளியில் இங்கிலாந்தை வென்ற மகிழ்ச்சியில் அவர்களுடைய ரசிகர்கள் களத்துக்குள் பாய்ந்து கோல் கம்பத்தை முறித்தார்கள். புல்லைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். 1980 மே மாதம் கிளாஸ்கோவில் கோப்பை இறுதி முடிந்த கையோடு செல்டிக், ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் களத்தில் இறங்கி மோதிக்கொண்டார்கள். அதன் விளைவாகவே அங்கே அரங்குகளில் மது தடைசெய்யப்பட்டது. ஆனால் 1992இல் சுவீடனில் நடந்த ஐரோப்பியக் கோப்பையில், அதே ஸ்காட்லாந்து ரசிகர்கள் நன்னடத்தைக்காகப் பாராட்டுப் பெற்றார்கள். குடியை விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்துக்காரர்கள் மாதிரி நாங்கள் ரவுடிகள் இல்லை என்று உலகத்துக்குக் காட்டுவதில் அவர்களுக்கு ஒரு கெத்து பிடிபட்டுவிட்டது. டென்மார்க் ரசிகர்களும் அப்படித்தான். தங்களுக்கு ‘ரோலிகன்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் ‘ரோலிக்’ என்றால் அமைதி. கூட்டம் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்கிறது என்பது வயிற்றுக்குள் போன சரக்கைவிட வலுவானது.

குடியின் பங்கை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1985 மே 29 அன்று பெல்ஜியத்தின் ஹெய்சல் அரங்கத்தில் கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதி. இங்கிலாந்தின் லிவர்பூல் ரசிகர்களில் பலர் பகல் முழுக்கக் குடித்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே பக்கத்துப் பகுதியில் இருந்த இத்தாலியின் யுவென்டஸ் ரசிகர்களை நோக்கிப் பாய்ந்தார்கள். பின்வாங்கியவர்கள் ஒரு சுவரோரம் நெரிந்தார்கள்; சுவர் சரிந்தது. 39 பேர் இறந்தார்கள். இங்கிலாந்துக் கிளப்புகள் ஐரோப்பியப் போட்டிகளில் ஐந்து ஆண்டுகள் ஆட முடியாமல் போயிற்று, லிவர்பூலுக்கு ஆறு. அங்கே குடிக்கும் ரவுடித்தனத்துக்கும் தெளிவான பங்கு இருந்தது. ஆனால் அந்த அரங்கம் இற்றுப்போயிருந்தது. பொதுப் பார்வையாளர்களுக்கு என்று ஒதுக்கிய பகுதியின் டிக்கெட்டுகள் இத்தாலியர் கைக்குப் போயிருந்தன. இரு தரப்புக்கும் நடுவில் ஒரு மெல்லிய கம்பி வலையும் சில போலீஸ்காரர்களும் மட்டுமே நின்றார்கள்.

நான்கு ஆண்டு கழித்து நடந்ததை உங்கள் விழாக் குழுவில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கம். லிவர்பூலுக்கும் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கும் அரையிறுதி. வாசலில் நெரிசல் முற்றியதும் போலீஸ் அதிகாரி ஒரு பெரிய கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளே வந்தவர்கள் நேரே எதிரில் தெரிந்த சுரங்க வழியில் இறங்கினார்கள். நின்று பார்க்கிறவர்களுக்காக வேலியடைத்த பட்டிகளில், ஏற்கெனவே நிறைந்து பிதுங்கிய நடுப் பட்டிகளில் அது கொண்டுபோய் விட்டது. பக்கவாட்டில் இடம் இருந்தது. அந்தப் பக்கம் திருப்பிவிடத்தான் ஆள் இல்லை. முன்னால் இரும்பு வேலி. இறந்தவர்கள் மொத்தம் 97 பேர். அவர்களில் மிக இளையவனுக்கு வயது 10. கடைசியாக இறந்தவர், அன்றைய காயங்களோடு 32 ஆண்டுகள் வாழ்ந்து 2021இல் இறந்தார்.

ரசிகர்களே கதவைத் தகர்த்துக்கொண்டு வந்ததாக அந்த அதிகாரி அன்றைக்கே பொய் சொன்னார். நான்கு நாளில் ஒரு லண்டன் பத்திரிகை, போதை ரசிகர்களின் அட்டூழியம் என்ற கதையை முதல் பக்கத்தில் போட்டது. இறந்தவர்களின் ரத்தத்தை, குழந்தைகளின் ரத்தத்தையும் சேர்த்து, மது இருக்கிறதா என்று சோதித்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அவன் என்ன குடித்திருந்தான் என்று கேட்டார்கள். 164 போலீஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தன என்பது 2012இல் ஒரு சுயேச்சைக் குழுவின் அறிக்கையில் வெளிவந்தது. 2016இல் ஜூரி சொன்னது: இவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள், ரசிகர்கள் மேல் தவறில்லை. இருபத்தேழு ஆண்டுகள், ‘குடித்துவிட்டு வந்தார்கள்’ என்ற ஒற்றை வாக்கியம் ஒரு மோசமான வாசல் ஏற்பாட்டை மறைத்து வைத்திருந்தது. உங்கள் ஊர்க் கூட்டத்தில் யாராவது அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது, அடுத்து ஒரு கேள்வி கேளுங்கள்: வாசல் எத்தனை வைத்திருந்தோம்?

நம் நாட்டிலும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16, கல்கத்தா ஈடன் கார்டன்ஸ், மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும். களத்தில் இரண்டு ஆட்டக்காரர்கள் மோதிக்கொண்டு இருவருக்கும் சிவப்பு அட்டை. இரு அணி ரசிகர்களும் ஒரே மாடத்தில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். மோதல் அங்கேயும் பரவி 16 பேர் இறந்தார்கள். அந்த நாளில் இன்றும் அங்கே ரத்ததான முகாம் நடக்கிறது. இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் அரங்கத்தில் 2022 அக்டோபர் 1 அன்று 135 பேர் இறந்தார்கள். எதிரணி ரசிகர்களை அன்று உள்ளேயே விடவில்லை. மது அங்கே பேச்சிலேயே இல்லை. களத்தில் இறங்கியவர்கள் மீது தொடங்கிய கண்ணீர்ப் புகையைப் போலீஸ் மாடங்களை நோக்கியும் அடித்தது. மூச்சுத் திணறி ஓடியவர்கள் குறுகிய வாசல்களில் நெரிந்தார்கள். 1964இல் பெருவின் லிமா நகரில் 328 பேர் இறந்ததும் இதே முறையில்தான்: நடுவர் மறுத்த ஒரு கோல், கண்ணீர்ப் புகை, படிக்கட்டின் அடியில் இறக்கியிருந்த இரும்பு ஷட்டர்.

இனி நம் கரைக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பள்ளி விடுமுறை. சபுராளிகள், அதாவது வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள், விடுப்பில் வந்திருப்பார்கள். பரிசுத் தொகை அவர்கள் தயவு. கண்மாய் வற்றித் திடலாகியிருக்கும். கச்சான் காற்று மாலையில் மண்ணை வாரிக் கண்ணில் அடிப்பதால் ஆட்டத்தை இரவுக்குத் தள்ளுகிறோம். திடலைச் சுற்றிச் சீமைக் கருவேலங்காடு. இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. நான்கு மணி ஆட்டத்துக்கு வருகிறவனுக்குக் குடிக்க நான்கு மணி நேரம். ஒன்பது மணி ஆட்டத்துக்கு வருகிறவனுக்கு ஒன்பது மணி நேரம். குடித்துவிட்டு மறைந்து நிற்கக் கருவேலங்காடு. பிறகு ஏன் குடித்துவிட்டு வந்தார்கள் என்று கேட்கிறோம்.

அன்றைக்கு மட்டும் கடையை மூடச் சொல்லி மனுக் கொடுக்கலாம் என்பார்கள். கொடுங்கள், தவறில்லை. நம் மாவட்டத்தில் சில நாட்களுக்குக் கலெக்டர் உத்தரவில் கடை மூடுவது புதிதும் அல்ல. அந்த நாட்களுக்கு முந்தைய மாலை கடை வாசலில் நிற்கும் வரிசையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என் கைக்கு எட்டியவரை பலன் கொடுத்தது ஒன்றுதான்: இறுதி ஆட்டத்தைக் காலை ஆறரைக்கு வைப்பது. காற்று இருக்காது, வெயில் ஏறாது, ஜெனரேட்டர் வேண்டாம். ‘கூட்டம் வராது’ என்று குழுவில் முணுமுணுப்பார்கள். நான் பார்த்தவரை கூட்டம் வந்தது. பெண்களும் குழந்தைகளும் கூடுதலாக வந்தார்கள். பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலிருந்து கல் பறந்து நான் பார்த்ததில்லை. இரவில்தான் வைக்க வேண்டும் என்றால் ஏழு மணி என்று அச்சடித்த ஆட்டம் ஏழு மணிக்குத் தொடங்கட்டும். சிறப்பு விருந்தினர் வராவிட்டால் ஊரில் மூத்த வலைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுப் பந்தை உதைக்கச் சொல்லுங்கள்.

சண்டையின் விதை பெரும்பாலும் ஆட்டத்துக்கு முன்பே விழுந்திருக்கும். நம் பகுதியில் நான் கண்ட தகராறுகளில் பாதி, ‘வெளியூர் ஆட்டக்காரன்’ என்ற ஒரு சொல்லில் தொடங்கியவை. ஒரு அணி மதுரையிலிருந்தோ கேரளாவிலிருந்தோ இரண்டு பேரைப் பணம் கொடுத்துக் கூட்டிவரும். விதி நோட்டீசில் தெளிவாக இருக்காது. தோற்கிற அணி அறுபதாவது நிமிடத்தில் அதைக் கண்டுபிடிக்கும். எத்தனை பேர் வெளியார், எந்த அடையாள அட்டை காட்ட வேண்டும் என்று நோட்டீசிலேயே அச்சடித்துவிடுங்கள். நடுவரும் எல்லைக்கோட்டு நடுவர்களும் மூன்றாவது ஊர்க்காரர்களாக இருக்கட்டும். கொடி பிடிக்கத்தானே என்று உள்ளூர்ப் பையனை நிறுத்துவார்கள். அவன் தூக்கும் முதல் ஆஃப்சைடு கொடியிலேயே அவனுடைய அப்பா, பாட்டன் வரைக்கும் இழுக்கப்படுவார்கள். பந்தயப் பணம் கைமாறுவது தெரிந்தால் கண்டும் காணாமல் இருக்காதீர்கள். தோற்ற அணிக்காரனைவிடத் தோற்ற பணத்துக்காரன்தான் நடுவரைத் தேடி வருவான்.

மைக் செட்டை மறந்துவிடாதீர்கள். கூட்டத்தைச் சூடேற்றுவதே வர்ணனை என்று நினைக்கிற ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். ‘பொட்டப் புள்ள மாதிரி உதைக்கிறானே’ என்று அவர் ஒரு வார்த்தை விட்டால், மூன்று ஆண்டு முன்பு வலை அறுத்த வழக்கிலிருந்து எல்லாம் மேலே வரும். மைக்கை நிதானமானவர் கையில் கொடுங்கள். எதிரணி போட்ட கோலுக்கும் ‘அருமை’ என்று சொல்லக்கூடியவர் கிடைத்தால் அவருக்குத்தான் முதல் பரிசு கொடுக்க வேண்டும்.

திடலில் இரு ஊர்க்காரர்களையும் எதிரெதிர்ப் பக்கம் உட்கார வையுங்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் யாரையும் நிற்க விடாதீர்கள். பக்கத்துக்கு ஒன்றாகக் குறைந்தது நான்கு வழி திறந்தே இருக்கட்டும். வண்டிகள் வழியை மறித்து நிற்கக் கூடாது. முதல் நாளே திடலைச் சுற்றிப் பத்தடிக்கு முள்ளை வெட்டி, கல்லையும் பாட்டிலையும் பொறுக்கி எடுங்கள். வெறுங்காலில் ஆடுகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். உடைந்த குவார்ட்டர் பாட்டில் கல்லெறிக்கு முன்பே ரத்தம் பார்த்துவிடும்.

குடித்துவிட்டு வருகிறவரை யார் தடுப்பது என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். சீருடைக்காரர் கையைப் பிடித்தால் அது மானப் பிரச்சினை. பத்துப் பேர் பின்னால் வந்து நிற்பார்கள். அவன் போகும் படகின் சொந்தக்காரரான சம்மாட்டி ‘வாடா, வீட்டுக்குப் போவோம்’ என்றால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவான். தாய்மாமன் சொன்னாலும் போவான். ஆகவே ஒவ்வொரு ஊரிலிருந்தும் அப்படிப்பட்ட ஐந்தாறு பேரைக் கேட்டு வாங்கி, அவரவர் கூட்டத்துக்குள்ளேயே நிற்க வையுங்கள். 2004இல் போர்ச்சுகலில் ஐரோப்பியக் கோப்பை நடந்தபோது நகரப் போலீஸ் செய்ததும் இதன் சாயல்தான். கிளிஃபர்ட் ஸ்டாட் முதலிய கூட்ட உளவியல் ஆய்வாளர்களின் யோசனைப்படி, சாதாரண உடுப்பில் போலீஸார் ரசிகர்களோடு பேசிக்கொண்டு நடந்தார்கள். தலைக்கவசமும் கேடயமும் கண்ணில் படாத தூரத்தில் காத்திருந்தன. போட்டி நடந்த நகரங்கள் அமைதியாக இருந்தன. வேறொரு போலீஸ் படையின் பொறுப்பில் இருந்த, அந்த முறையைக் கையாளாத ஒரு கடற்கரைச் சுற்றுலா ஊரில்தான் கலவரம் வந்தது. வந்த ஆங்கிலேயர்கள் இரண்டு இடத்திலும் குடித்துத்தான் இருந்தார்கள்.

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குவதைத் தவிர்க்காதீர்கள். சட்டம் குடித்தவனை அதிகம் மிரட்டாது. பழைய தண்டனைச் சட்டத்தின் 510ஆம் பிரிவில், பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்தால் 24 மணி நேரச் சிறை அல்லது பத்து ரூபாய் அபராதம். பத்து ரூபாய்! 1860இல் அது ஒரு தொகையாக இருந்திருக்கும். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 355ஆம் பிரிவில் அபராதம் ஆயிரம் ரூபாய் வரை ஏறியிருக்கிறது; சமூக சேவை செய்யச் சொல்லவும் வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் கல்லெறியும் கலவரமும் வேறு கணக்கு. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வன்முறையில் இறங்கினால் கூட்டத்தில் நின்ற ஒவ்வொருவனும் வழக்கில் வருவான். வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் சிக்கும். நம் ஊர்ப் பையனுக்கு இதைவிடப் பெரிய பயம் இல்லை. தொடக்க விழாவில் ஒருவர் இதை நிதானமாகச் சொன்னாலே போதும். ஆனால் தகராறு நடந்த பின் பெயர்ப் பட்டியல் கொடுக்கும்போது, பழைய பகைக்குச் சேர்த்து நான்கு பெயர் எழுதுகிற பழக்கம் வேண்டாம். அடுத்த ஆண்டுக் கல்லெறிக்கு அதுவே அடிக்கல்.

மண்டையில் அடிபட்டு விழுந்தவரைக் குடித்திருக்கிறார் என்று ஓரமாகப் படுக்க வைத்துவிட்டுப் போவது நம்மிடம் உண்டு. வாந்தி எடுத்தாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாவிட்டாலோ, அது போதையா உள்காயமா என்று நீங்களும் நானும் கண்டுபிடிக்க முடியாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

சென்ற ஆண்டு மோதிய ஊர்க்காரர்களிடம் இந்த ஆண்டு நோட்டீஸ் அச்சடிப்பதற்கு முன்பே போய்வாருங்கள். மண்டை உடைந்த மூன்று பேர் வீட்டுக்கும், அவர்கள் எந்த ஊராக இருந்தாலும், பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு போக வேண்டாம். கொடுக்காமல் வைத்திருக்கும் கோப்பையை என்ன செய்வது என்று அவர்களிடமே கேளுங்கள்.

கடைசியாக, எல்லோரும் மறக்கிற ஒன்று. ஆட்டம் அமைதியாக முடிந்து, வென்ற அணி கோப்பையோடு வேனின் மேல் ஏறிக்கொண்டு, வெடி போட்டுக்கொண்டு, தோற்றவர்களின் தெருவுக்குள் நுழையும். நான் பார்த்த மிக மோசமான இரண்டு சண்டைகள் அங்கேதான் நடந்தன. நடுவர்கள் அப்போது பஸ் ஏறியிருந்தோம். அந்த வேன் எந்தப் பாதையில் ஊர் திரும்பும் என்பதை, அணிகள் பெயர் கொடுக்கும் அன்றைக்கே இரு தரப்பிடமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.